பேர்ள் அன்ரியின் சட்டி

மனித உழைப்பின் விலையைத் தீர்மானிப்பவை இந்தப் பூமியில் இரண்டே இரண்டுதான். ஒன்று கேள்வி, அதாவது தேவை; மற்றது நிரம்பல், அதாவது வரத்து. நண்டுக்கறிக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை என்று றொகான் அறிவித்தான். கரவன் பார்க் கபின் ஒன்றுக்குள், பிளாஸ்டிக் கதிரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டு, ஐ.நா. சபையில் பேசுகிறவனுடைய முகத்தோடு அறிவித்தான்.

“ஒரு பக்கம் ஆள் வேணுமெண்டு நிக்கிற முதலாளி. மற்றப் பக்கம் வேலை வேணுமெண்டு நிக்கிற நீங்கள். ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில சம்பளம். அவ்வளவுதான், ஃபினிஷ்ட். இதுக்குள்ள சட்டி எங்கயிருந்து வந்தது, அண்ணை?”

சிவசோதி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் திரும்பிப் பார்த்தான். யோசித்தான்.

“டூங்கபியிலயிருந்து. மச்சான் தந்தவர்.”

வசந்தினி சிரிக்கவில்லை. இடுப்பில் குழந்தை, கையில் அகப்பை. “தம்பி, அந்த ரெண்டு கோடும் வெட்டுற இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருங்கோ. சட்டி இறக்கப்போறன்.”

றொகான் கதிரையோடு தள்ளி உட்கார்ந்தான். ஆனால் பேச்சை விடவில்லை. “நான் என்ர வாழ்க்கையில ஆருக்கும் ஒரு மாம்பழம்கூடக் கொண்டுபோய்க் குடுத்து ஒண்டும் வாங்கினதில்லை, அக்கா. வாங்கவும் மாட்டன். லஞ்சத்தையும் கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சுக் குடுக்கிற ஒரே சனம் நாங்கள்தான்.”

“உங்களுக்காக உங்கட அம்மா குடுத்திருப்பா,” என்றாள் வசந்தினி. “உங்களுக்குத் தெரிஞ்சிராது.”

றொகான் மெல்பேர்னில், ரோவிலில் பிறந்தவன். பொருளியலில் முதுகலை முடித்த சூட்டோடு ஹார்லோ குடா ஷயர் கவுன்சில் அவனை ஒப்பந்தத்தில் எடுத்தது. எங்கள் கரையோரத்தில் வேலைக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்து சொல் என்றார்கள். தாய் கோயிலில் சந்தித்த அத்தனை பேரிடமும், மகனுக்கு அரசாங்க உத்தியோகம், ஒரு மாவட்டமே அவன் கையில் என்று சொல்லிவைத்தாள். மகன் அதை மறுக்கவில்லை.

ஹார்லோ குடாவுக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது, திமிங்கிலம் பாய்கிற படம் போட்ட ஒரு பெரிய போர்டு. அடுத்து வரவேற்பது நாற்றம். அது மீனும் கணவாயும் வெட்டிப் பொதிசெய்கிற மீன் ஷெட்டிலிருந்து வருகிறது. கணவாய்க் குடலும் குளோரினும் டீசல் புகையும் சேர்ந்து பிசைந்த நாற்றம். காரின் கண்ணாடியை ஏற்றினாலும் வரும். இறக்கினால் உள்ளே வந்து பக்கத்து சீற்றில் உட்காரும். கவுன்சிலின் சுற்றுலாப் புத்தகத்தில் அதற்கு “உப்புக் காற்று” என்று பெயர்.

கடலைப் பார்த்தபடி மேட்டில் முழுக்கக் கண்ணாடி வீடுகள். மெல்பேர்னின் பல்வைத்தியர்களும் வக்கீல்களும் நத்தார், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்து அவற்றில் வைன் குடிப்பார்கள். மிச்ச நாட்களில் அந்த வீடுகளில் ஹீற்றர் மட்டும் குடியிருந்தது. கீழே கடைத்தெருவில் பேக்கரி, மருந்துக்கடை, முதியோர் இல்லம் என்று ஒவ்வொரு கதவிலும் “ஆட்கள் தேவை.” வந்த ஆட்கள் படுக்க ஓர் அறை கிடையாது. ஆட்கள் தேவை என்ற போர்டுக்கு நேர் கீழே, தன் வான் வண்டிக்குள் படுத்துக்கிடந்த ஒரு பிரெஞ்சுப் பெடியனைத் தட்டி எழுப்பி, கவுன்சில் உத்தியோகத்தர் அபராதம் எழுதிக் கொடுத்ததை றொகான் தன் கண்ணால் பார்த்தான். பெடியன் அன்றைக்கே போய்விட்டான். பேக்கரிக்காரி, இந்தக் காலத்து இளசுகளுக்கு உழைக்க மனமில்லை என்று பெருமூச்சு விட்டாள்.

றொகானுக்கும் வீடு கிடைக்கவில்லை. முதலில் மோட்டலில் போட்டார்கள். பிறகு வசந்தத்தில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் வந்தது. அறையைத் திமிங்கிலம் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். கடைசியில், சிவசோதி தன் கபினில் பாதியைத் தந்தான். நடுவில் ஒரு திரைச்சீலை. ஷயரின் ஆள் பஞ்சத்தை ஆராய வந்த நிபுணர் திரைக்கு இந்தப் பக்கம் படுத்தார். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மூச்சை அடக்கிக்கொண்டு குழந்தையை உறங்கவைத்தது.

சிவசோதி முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவன். படகில் வந்தவன். சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் கம்பிக்குள்ளே இருந்துவிட்டு, அங்கேயே டூங்கபியில் மச்சான் வீட்டுக் கராஜில் குளிர்காலங்களைக் கழித்தவன். அவன் கையில் இருப்பது பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரை தங்கவிடுகிற தற்காலிக விசா. அதைக் கண்டால் வீட்டு ஏஜென்டுகள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும், கண் மட்டும் கதவைப் பார்க்கும். மீன் ஷெட்டில் வேலையோடு கபினும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் மனைவியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தான். குழந்தை இங்கேதான் பிறந்தது. ஒரேயொரு நிபந்தனை: கபின் ஷெட்டுக்குச் சொந்தம். கிழமை வேலைப்பட்டியலான ரோஸ்டரில் பெயர் இருக்கும்வரை சாவி கையில். இரண்டு கிழமை பெயர் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வெளியே, டூங்கபிக் கராஜைத் தவிர அவனுக்கு ஆஸ்திரேலியாவில் வேறு கூரை கிடையாது.

அந்த ரோஸ்டரைப் போடுகிறவர் பேர்ள் அன்ரி.

ஷெட்டின் முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி ராச்சியம் பேர்ள் அன்ரியுடையது. மன்னாரைச் சேர்ந்தவர், நல்ல சரீரம், நல்ல சிரிப்பு, மகா பக்தி. கணவர் ஞானேந்திரன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். வீட்டில் அவருக்கு அந்த அதிகாரமும் கிடையாது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஷெட்டில் வேலை செய்கிற தமிழ்ச் சனம் எல்லாம் ஆளுக்கொரு சட்டியோடு பேர்ள் அன்ரி வீட்டுக் கராஜுக்குப் போகும். அங்கே ஒரு நீள மேசை. சட்டிகள் வரிசையாக நிற்கும். யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ஓர் அடையாளம். பேர்ள் அன்ரி யாரிடமும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. கேட்பதாக யாராவது சொன்னால் அழுதுவிடுவார்.

மறுநாள் சட்டிகள் திரும்பி வரும். உள்ளே ஒரு பிடி கணவாயோ, பட்டர் கேக் துண்டோ, ரெண்டு தேசிக்காயோ கிடந்தால் அந்தக் கிழமை ரோஸ்டரில் பெயர் உண்டு. தமிழர் வீட்டுக்கு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். ஆகவே, கழுவித் துடைத்த வெறுஞ்சட்டி வந்தால் அதை வாங்குகிறவனுக்குக் கடிதம் தேவையில்லை. எல்லாம் விளங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்காகச் சைவக்காரனான சிவசோதியும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனான். மற்றவர்கள் எழும்பினால் எழும்பினான், முழந்தாளிட்டால் முழந்தாளிட்டான். ஒருமுறை கத்தோலிக்கருக்கு மட்டும் தருகிற நன்மை அப்பம் வாங்குகிற வரிசையிலும் போய் நின்றுவிட்டான். வசந்தினி சேர்ட்டைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“இதைவிட அருவருப்பான தொழிற்சந்தை உலகத்திலயே இல்லை,” என்று றொகான் பக்கத்துக் கபின் சூசைப்பிள்ளை அங்கிளிடம் சொன்னான். அங்கிள் குருநகர்க்காரர், தலை முழுக்க நரை, மனைவி தவறியபிறகு தனியாள். ஷெட்டை ஆராயப்போன முதல் நாள், கணவாயின் வயிற்றைக் கிழித்து மை கறுப்பாக வழிந்ததைப் பார்த்து றொகான் குழாயடியில் ஓங்காளித்துக்கொண்டு நின்றபோது, தன் சட்டைப்பையிலிருந்து விக்ஸ் டப்பியை எடுத்து அவன் மூக்குக்குக் கீழே பூசிவிட்டவர் அவர்தான். டப்பியை அவனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

“அருவருப்புத்தான், தம்பி,” என்றார் அங்கிள். “ஆனா என்ர சுறா வறையைப் பேர்ள் விரும்பிச் சாப்பிடுறா. குளிர் இறங்கினா கணவாய் குறையும். கணவாய் குறைஞ்சா ரோஸ்டரும் சுருங்கும். எல்லாச் சட்டிக்குள்ளயும் போட அவவிட்ட என்ன இருக்கு? நான் என்ர சட்டியை முன்னுக்கே வைச்சிடுவன். காலமை முதல் ஆளாப் போய், அவவின்ர கராஜில, குசினிக் கதவுக்குப் பக்கத்தில.”

“வெக்கமா இல்லையோ, அங்கிள்?”

“கபினுக்குள்ள ஹீற்றர் இருக்கு. வெக்கத்துக்குள்ள அது இல்லை.”

றொகான் பேர்ள் அன்ரியை நேர்காணல் செய்யப் போனான். குசினியில் அந்தோனியார் சுரூபம், அதைச் சுற்றி நிறம் மாறுகிற லைற். மேசையில் அன்றைய சட்டிகள். அவன் போனை எடுத்துப் பதிவுபண்ண வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்தான்.

“அன்ரி, வேலைக்கு ஆக்களை எப்பிடித் தெரிவுசெய்யிறீங்கள்?”

“ஆண்டவர் காட்டுவார், மகன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கதையுங்கோ.”

கோப்பையில் சோறு விழுந்தது. அதன்மேல் சூசைப்பிள்ளை அங்கிளின் சுறா வறை விழுந்தது. வசந்தினியின் நண்டு, யாரோ ஒருவரின் இறால் பிரட்டல். ஆராய்ச்சியாளன் ஆதாரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தான். நண்டை இரண்டாம் முறையும் ஆராய்ந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“அன்ரி, இது ஒரு வகையில லஞ்சம்தானே?”

பேர்ள் அன்ரி நெஞ்சில் கை வைத்தார். “சாப்பாட்டைப் போய் அப்பிடிச் சொல்லலாமோ, மகன்? நான் ஆரிட்டயும் கேட்டனானோ? சனம் அன்பில கொண்டருது. நானும் அன்பில திருப்பிக் குடுக்கிறன்.” அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் றொகானுக்கு இன்னும் குமட்டியது. தான் செய்வது அன்பு என்று அவர் நிஜமாகவே நம்பினார். போகும்போது தன்னுடைய நீல எனாமல் சட்டியில் கணவாய்க்கறி நிரப்பி அவன் கையில் தந்தார். “வசந்தினியிட்டக் குடுங்கோ. பால் குடுக்கிற பிள்ளை. சட்டி கவனம், எனக்கு ராசியான சட்டி.”

கபினில் அந்த நீலச் சட்டியைக் கண்டதும் வசந்தினியின் முகம் மலர்ந்த விதத்தை றொகான் தன் வாழ்நாளில் பட்டமளிப்பு விழாவில்கூடப் பார்த்ததில்லை. பேர்ள் அன்ரி தன்னுடைய சட்டியிலேயே கறி அனுப்பியிருக்கிறார் என்றால், குளிர்காலம் முழுக்க ரோஸ்டரில் இடம் உண்டு என்று அர்த்தம். சிவசோதி மூடியைத் திறந்து மணந்துவிட்டு மூடினான். பிறகு மறுபடி திறந்தான்.

அடுத்த நாள் விடிய எழும்பி வசந்தினி பருப்பு அரைத்தாள். இறால் வைத்து வடை சுட்டாள். நீலச் சட்டி நிரம்ப அடுக்கி, மேலே ஒரு ரிஷ்யூ விரித்து, றொகானிடம் நீட்டினாள்.

“ஒப்பீசுக்குப் போற வழியில அன்ரியிட்டக் குடுத்திட்டுப் போங்கோ. மறந்துபோடாதேங்கோ, தம்பி.”

“மறக்கமாட்டன், அக்கா. போட்டு வாறன்.”

மறக்கவில்லைதான். பேர்ள் அன்ரி வீட்டு முடக்கில் காரை நிறுத்திவிட்டு, மடியில் சட்டியோடு நெடுநேரம் சிந்தித்தான். வடை சூடாக மணத்தது. இந்தச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தானும் இந்தச் சாக்கடையில் ஒரு குழாய் ஆகிவிடுவான். யாராவது ஒருவர் இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும். சரித்திரத்தில் இப்படிப்பட்ட கணங்களில் ஒரு தனிமனிதன் எழுந்து நின்றிருக்கிறான். றொகான் காரைக் கிளப்பி நேரே கவுன்சிலுக்கு விட்டான். குற்றம் சட்டியில்தான், வடை என்ன பாவம் செய்தது என்று வழியில் ஒன்றைக் கடித்தான்.

கவுன்சிலில் அன்று மாதாந்தத் தேநீர் வைபவம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தட்டுக் கொண்டுவர வேண்டும். யாரோ கேக், யாரோ சொசேஜ் ரோல். றொகான் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. வேலையிடத்துத் திறமைக்கும் தின்பண்டத்துக்கும் தொடர்பிருக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. அன்று கைவசம் ஒரு சட்டி வடை இருந்தது, எறிய மனம் வரவில்லை. ஒரு தட்டில் கொட்டி மேசையில் வைத்தான்.

பணிப்பாளர் மெலனி ஒன்று எடுத்தாள். கண்ணை மூடினாள். இன்னும் இரண்டு எடுத்தாள். இத்தனை மாதமும் அவனுடைய பெயரின் முதற்பாதியை மட்டும் சொல்லிவந்தவள், அன்று முழுதாகச் சொன்னாள். தேநீர் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டு, உன்னுடைய ஒப்பந்தத்தை அடுத்த வருஷத்துக்கும் நீட்ட முடிவுசெய்திருக்கிறேன், உன்னுடைய பகுப்பாய்வு அப்படி என்றாள். பகுப்பாய்வு என்று சொன்னபோது அவள் உதட்டோரத்தில் ஒரு பருப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.

கடைசியில் திறமைதான் பேசும் என்று றொகான் நினைத்துக்கொண்டான்.

நீலச் சட்டியைக் கவுன்சிலின் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டு எடுத்தான். கண்ணாடிபோல மின்னியது. பின்னேரம் பேர்ள் அன்ரி வீட்டுக் கதவைத் தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தான். அன்ரி சிரித்தபடி வாங்கி மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“வசந்தினி சுகமோ?”

“நல்ல சுகம், அன்ரி.”

“ஒண்டும் தந்துவிடேல்லையோ?”

“இல்லை, அன்ரி. சட்டி மட்டும்தான்.”

“ஓ,” என்றார் பேர்ள் அன்ரி. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது; அதற்குள்ளிருந்து அவர் மட்டும் எழுந்து போய்விட்டார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. ஒரு புரட்சி இவ்வளவு அமைதியாக நடந்துமுடியும் என்று றொகான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு வசந்தினி வழக்கம்போல நண்டு காய்ச்சி அனுப்பினாள். திங்கட்கிழமை சட்டி திரும்பி வந்தது. ஞானேந்திரன் அதைப் படியில் வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் போய்விட்டார். சிவசோதி மூடியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவி, துடைத்து, மினுக்கி இருந்தது. அன்றிரவு போனுக்கு ரோஸ்டர் வந்தது. சிவசோதி மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் வாசித்தான்.

“எனக்கு விளங்கேல்லை,” என்றான். “நான் என்ன பிழை விட்டனான்?”

வசந்தினி திரைச்சீலையை விலக்கினாள். “தம்பி, அந்த நீலச் சட்டியை என்னெண்டு குடுத்தனீங்கள்?”

றொகான் சொன்னான். மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது? சங்கிலியை அறுத்ததைச் சொன்னான். வடை தேநீர் வைபவத்தில் எவ்வளவு வரவேற்புப் பெற்றது என்றும் சொன்னான், அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து.

வசந்தினி கட்டிலில் உட்கார்ந்தாள். “வெறுஞ்சட்டியோ குடுத்தனீங்கள்? அவ தந்த சட்டியை?”

“கழுவித்தான், அக்கா.”

“கழுவினவராம்!” அவள் குரல் உடைந்தது. “உன்ர உறவு வேண்டாமெண்டு நான் சொல்லிவிட்ட மாதிரியெல்லோ அவ நினைச்சிருப்பா. என்ர வடையை உங்கட ஒப்பீசுக்காரியோ திண்டவள்?”

“ஓம். நல்லாயிருக்கெண்டு...”

“அண்டைக்குத்தானே உங்களுக்கு வேலையை நீட்டினவள்?”

“அது என்ர அனாலிசிஸுக்கு, அக்கா.”

வசந்தினி அவனைப் பார்த்தாள். கணவாயின் வயிற்றைக் கிழிக்கும்போது வருகிற முகம் அது. “அந்த வடைக்கு வரவேண்டிய வேலை எங்கட வேலை, தம்பி. உங்களுக்கு வந்திருக்கு.”

சிவசோதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், பார்க்கின் தண்ணீர்க் குழாயடியில் நின்றான். அவன் ஏசியிருந்தால் றொகானுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

றொகான் முதலில் முறையான வழியில் போனான். மெலனியின் அறைக்குப் போய், ஷெட்டில் வேலை பங்கிடப்படும் விதத்தை, ஞாயிறு, கராஜ், சட்டி, கபின் சாவி என்று முழுவதும் விளக்கினான். ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது, கவுன்சில் தலையிட வேண்டும் என்றான். மெலனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அவள் கண் கலங்கிக்கூட விட்டது.

“எவ்வளவு அழகான சமூகம்,” என்றாள். “இதை நாங்கள் ஒரு விழாவாகச் செய்தால் என்ன? குளிர்காலத்தில் இங்கே சுற்றுலாப் பயணிகளே வருவதில்லை. ‘சட்டித் திருவிழா.’ கராஜில் அல்ல, கடற்கரைப் புல்வெளியில். அந்தப் பெண்மணியை நடுவராகப் போடலாம். உன் வடையையும் வைக்கலாம்.”

“கபின் விஷயம்?”

“அது தனியார் சொத்து, றொகான். அதில் நாங்கள் கை வைக்க முடியாது.” பிறகு, ஆறுதலாக, “விழாவுக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படும். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்,” என்றாள்.

றொகான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். ஷெட் அரை மைல் தள்ளி இருந்தது. நாற்றம் என்னவோ இங்கேயும் இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. அன்றைய சட்டிக்கும் கணவாய் விழாவிட்டால் சாவி போய்விடும். வசந்தினி அடுப்பு மூட்டவில்லை. “அவவின்ர வாசல்ல எந்த முகத்தோட ஏறுறது? வெறுஞ்சட்டி அனுப்பின குடும்பமெண்டு ஆகிப்போச்சு,” என்று குழந்தையின் உடுப்புகளை மடித்து ஒரு பையில் அடுக்கத் தொடங்கினாள். சிவசோதி டூங்கபி மச்சானுக்குப் போன் எடுத்து, சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கராஜை விசாரிக்காமலே வைத்துவிட்டான்.

திரைக்கு இந்தப் பக்கம் றொகான் எழுந்தான். ஜாக்கெட்டைப் போட்டான். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னான். கதவடியில் கழுவிக் கவிழ்த்திருந்த சிவசோதியின் சட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டதை ஒருவரும் காணவில்லை.

துறைமுகத்தில் நண்டு வாங்கினான். உயிர் நண்டு. பார்க்கின் பொதுக் குசினியில் வைத்து ரோவிலுக்குப் போன் எடுத்தான்.

“அம்மா, நண்டை எப்பிடி உடைக்கிறது?”

“நீயோ? நண்டோ?” மறுமுனையில் தாய் குரலைத் தாழ்த்தினாள். “ஆரும் பொம்பிளைப் பிள்ளைக்கோ, தம்பி?”

“இல்லை, அம்மா. வேலை விஷயம்.”

“அப்ப சரி,” என்றாள் தாய், அதில் எந்த அதிசயமும் இல்லாதவள்போல. “ஓட்டைக் கழட்டு. உள்ளுக்க செவுள் மாதிரி இருக்கிற பூவைப் பிய்ச்சு எறி. நல்ல மனிசருக்கெண்டா முருங்கையிலை போட மறக்காதை. உன்ர பாலர் வகுப்பு ரீச்சருக்கு அப்பிடித்தான் குடுத்தனான்.”

முருங்கையிலை இல்லை. மற்றதெல்லாம் செய்தான். சூசைப்பிள்ளை அங்கிள் தந்த விக்ஸை மூக்குக்குக் கீழே தடித்துப் பூசிக்கொண்டு, ஓட்டைப் பிரித்தான். உள்ளே மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ குழகுழத்தது. நண்டு காலை ஆட்டியது. அவன் ஒருமுறை வெளியே ஓடிப்போய் வந்தான். சாறு முழங்கைவரை வழிந்தது, சேர்ட்டில் பட்டது, நகத்துக்குள் புகுந்தது. உறைப்பு சரியா என்று நாலு தரம் நக்கிப் பார்த்தான். சட்டியின் அடியில் வசந்தினி நகப்பூச்சால் போட்ட “சி” தேய்ந்திருந்தது. அதை ஒரு பேனையால் அழுத்தி எழுதினான்.

பேர்ள் அன்ரி வீட்டுக்குப் போனபோது கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. பூசை முடிந்திருந்தாலும் அன்ரி இன்னும் வரவில்லை. சுவாமியாரோடு பேச நின்றிருப்பார். குனிந்து உள்ளே போனான். நடுவில் நடந்த பிழை தன்னுடையது, வசந்தினிக்கு அதில் சம்பந்தமில்லை என்று சொல்ல வழியெல்லாம் வசனம் தயாரித்து வந்திருந்தான். கேட்க ஆளில்லை, சனமும் சட்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தது. மேசை மட்டும் இருந்தது. சட்டிகள் வரிசையாக நின்றன, வழக்கத்தைவிட அதிகமாக. எல்லாருக்கும் குளிர் தெரிந்திருந்தது.

தன் சட்டியைக் கடைசியில், கதவோரத்தில் வைத்தான். குசினியிலிருந்து பார்த்தால் அது கண்ணிலேயே படாது. முதலாவதாக, குசினிக் கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு நகப்பூச்சால் சிலுவை போட்ட சட்டி நின்றது. சுறா வறை. சூசைப்பிள்ளை அங்கிள் காலையில் முதல் ஆளாக வந்து வைத்தது.

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம். கதவு அடிபட்டது. பேர்ள் அன்ரியின் சிரிப்பு.

றொகான் இரண்டு பக்கமும் பார்த்தான். சிலுவைச் சட்டியைத் தூக்கி, சத்தமில்லாமல், மேசையின் மறுமுனைக்குக் கொண்டுபோய் வைத்தான். அது நின்ற இடத்தில் தன்னுடையதை வைத்தான். சட்டியின் காதுகள் இரண்டும் ஒரே நேராக இருக்கும்படி திருப்பினான். பிறகு யோசித்து, மணம் வெளியே வரட்டும் என்று, மூடியைக் கொஞ்சம் சாய்த்துவிட்டான்.